உத்தரவாதச் சீட்டின் பின்பக்கம்

கிளமெண்ட் சார்,
முன்பக்கத்தில் அச்சடித்திருப்பது ஒரு வருடம்.
பின்பக்கம் காலியாக இருந்தது,
எழுதுகிறேன்.

உங்களுடையது பதினேழாவது கணப்பு.
நாகலூர் டாக்டரம்மா வீட்டில் முதலாவதை மாட்டியபோது
இரண்டாவது ஒன்று விற்குமென்று நினைக்கவில்லை.
அங்கே விருந்துக்கு வந்தவர்கள்
கை நீட்டிக் குளிர்காய்ந்துவிட்டு
வீடு திரும்பியதும் போன் செய்தார்கள்.
இப்போது இருபது கொண்டை ஊசிக்கும்
என் மினி வேனின் இருமல் தெரியும்.

ஈர மரம் எரிக்காதீர்கள்.
சில்வர் ஓக் கட்டை கொண்டுவரும் காத்தவராயன்
ஆறு மாதம் காய்ந்தது என்று சத்தியம் செய்வார்.
இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்.
ணங் என்றால் வாங்கலாம்.
தொப் என்றால்
நீங்கள் கொடுப்பதில் பாதி தண்ணீருக்கு.
தையில் பிளந்து, கூரைக்கடியில் அடுக்கி,
பக்கங்களை மூடாமல்
சித்திரைக் காற்றைத் தின்னவிட்டால்தான்
மார்கழியில் சொன்ன பேச்சு கேட்கும்.
மிளகுக்கொடி ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள்.
பழைய காப்பிச்செடியின் வேர்க்கட்டை கிடைத்தால்
ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்:
முரடு,
லேசில் பற்றாது,
பற்றினால் விடியும்வரை விடாது.
பெயிண்ட் அடித்த ஜன்னல் சட்டம் வேண்டாம்.
பழைய கல்யாணப் பத்திரிகைகளும் வேண்டாம்.

ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தே தூங்குங்கள்.
குளிருக்குத்தானே அடுப்பு என்பீர்கள்.
எல்லோரும் கேட்கிறார்கள்.
செம்மடுவில் ஒரு வீட்டில் அப்படிக் கேட்டபோது
நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன்.
மறுநாள் காலை கணவன் மனைவி இருவரும்
தலைவலி, வாந்தி என்று ஆஸ்பத்திரியில்.
பிழைத்துக்கொண்டார்கள்.
விரற்கடை, சார்.

மேல்தகடு ஏன் தட்டை என்று கேட்டீர்கள்.
பத்து வரைக்கும் கூம்பாகத்தான் செய்தேன்,
ஏதோ படத்தில் பார்த்த வெளிநாட்டு அழகு.
மஞ்சக்குட்டையில் பத்தாவதைப் பொருத்தும்போது
விறகு இறக்கிய வெள்ளச்சி
சும்மாட்டுத் துணியால் முகம் துடைத்துக்கொண்டே
ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தாள்.
"என்ன விலை?"
சொன்னேன்.
"இதுல களி கிண்டலாமா?"
"முடியாது."
"தண்ணி காயுமா?"
"இது சமைக்க இல்லம்மா. ரூம் சூடாக."
"சூடு மட்டுமா?"

கேலி இல்லை அது, கணக்கு.
அடிவாரம் இறங்கும்வரை
அந்த 'மட்டுமா' பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது.
பதினொன்றிலிருந்து தட்டை.
நீங்கள் அதில் காப்பி சுடவைப்பதாகச் சொன்னீர்கள்.
அவளிடம் நான் போய்ச் சொல்லவில்லை.
சொன்னால் எவ்வளவு கூட்டினாய் என்று கேட்பாள்,
கூட்டித்தான் இருக்கிறேன்.

நான் குளிர் அறியாதவன்.
பள்ளப்பட்டியில் தகரக்கூரைப் பட்டறை.
அனுப்பும் முன் ஒவ்வொன்றையும்
இரண்டு மணிநேரம் எரித்துப் பார்ப்பேன்,
புதுப் பெயிண்டின் நாற்றம் உங்கள் வீட்டில் வேண்டாமே என்று.
உங்களுடையதை எரித்தது மே பதினான்கு.
எதிர் டீக்கடையில் பெஞ்சை நகர்த்திக்கொண்டார்கள்.
சேலத்து வெயில் போதாதென்று
அடுப்பு வேறு மூட்டுகிறான் என்று ஒருவர் கும்பிட்டார்.
என் பையன் மாதிரி இருக்கும் ஃபாரூக்
சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு
கதவின் கண்ணாடிக்கு முன்னால் குந்தினான்.
மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டுகிறது,
எழவில்லை.
"என்னடா?"
"இருங்கண்ணே,
அந்தக் கட்டை இப்ப உடையப் போகுது."
நானும் நின்றேன்.
உடைந்தது.

சாம்பல் ஆறிவிட்டதா என்று மேலாகப் பார்த்து நம்பாதீர்கள்.
தகர வாளியில் இரண்டு நாள் வெளியே இருக்கட்டும்,
உள்ளே ஏதாவது ஒன்று விழித்திருக்கும்.
பிறகு ரோஜாவுக்குக் கைப்பிடி, அதற்குமேல் வேண்டாம்.
கண்ணாடி கறுத்தால்
ஈரத்தாளில் அதே சாம்பலைத் தொட்டுத் துடையுங்கள்.
சோப்பெல்லாம் வீண்.

கண்ணாடி உடைந்தால் உத்தரவாதம் கிடையாது.
முன்பக்கம் பார்க்கவும்.