பென்ஸு

செசிம்ப்ரா துறைமுகத்துச் சுகாதார நிலையத்தில்
செவ்வாயும் வெள்ளியும் கட்டு மாற்றும் நாள்.
ஒடீலியா பதிவேட்டில் எழுதுவது ஒரே சொல்:
பென்ஸு.
போர்த்துக்கீசில் அது காயக்கட்டு.
ஓர் எழுத்தும் மாறாமல் அதுவே
'யோசிக்கிறேன்'.

பெல்மீரு உள்ளங்கையை நீட்டுகிறான்.
வாளைத் தூண்டில், முள் முழுதாக இறங்கிய கை.
என்ன வேண்டும் என்றால்
"பென்ஸு" என்கிறான்.
கேட்கிறானா சொல்கிறானா
அவளுக்குப் பிடிபடவில்லை.
கத்தரிக்கோலைத் தேடுகிறாள்.

இந்தச் சொல்லின் பூர்விகம் ஒரு கொக்கி.
லத்தீனில் முதலில் அது தொங்கவிடுவது மட்டும்.
பிறகு, தொங்கவிட்டு நிறுப்பது.
இன்றைக்கு நீ நூற்க வேண்டியது இவ்வளவு என்று
அடிமைப் பெண்ணிடம் விடிகாலையில்
நிறுத்துக் கொடுத்த கம்பளி.
எப்போதோ யாரோ
தட்டில் ஒன்றும் வைக்காமலே நிறுத்திருக்கிறார்;
யோசனை பிறந்தது.
யோசித்தவர் பக்கத்தில் கிடந்தவனைத்
திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்;
புண்ணைக் கழுவித் துணி சுற்றுவதற்கும்
அதே சொல் போதுமானதாக இருந்தது.

நமக்கு இதில் பாதி தெரியும்.
எடுப்பது தூக்கு, கயிற்றில் தொங்குவது தூக்கு,
நிறுப்பதும் தூக்கு,
மனசுக்குள் சீர்தூக்கிப் பார்க்கிறோம்.
ஆனால் காயத்துக்குத் துணி சுற்ற
அந்தச் சொல்லை
நாம் அனுப்பியதே இல்லை.

மார்ச் மாதத்தில் ஓர் இரவு
படகில் போனது மூன்று பேர்.
ஓடும் கயிறு எவரிஷ்டுவின் காலைச் சுற்றி
அவனையும் கொண்டு போனது.
பெல்மீருவின் ஒரு கை முள்ளில்.
கத்தி மற்றக் கைக்கு எட்டுவதற்கு
எத்தனை நொடி,
விசாரணை அதிகாரி எண் கேட்கிறார்.
எட்டு என்கிறான் ஒரு நாள்.
மறுநாள் போய் இருபது என்கிறான்.
ராத்திரி முழுக்க நிறுத்துக்கொண்டே இருக்கிறான்,
முள் நிற்கவில்லை.

ஏழாவது வெள்ளி.
தோல் மூடிவிட்டது,
இளஞ்சிவப்பாய் ஒரு கோடு.
"இனிக் கட்டு வேண்டாம்."
அவன் கையை மடக்கவில்லை.
"பென்ஸு."

வெளியே நான்கு பேர் காத்திருக்கிறார்கள்,
ஒருவர் இருமுகிறார்.
ஒடீலியா அடுத்த பெயரைக் கூப்பிடவில்லை.
அவன் புறங்கைக்கு அடியில்
தன் கையை வைத்தாள்,
என்ன கனம் என்று பார்ப்பவள் போல.
கொஞ்ச நேரம்.

பதிவேட்டில் அன்றைக்கும்
பென்ஸு, ஒன்று.
மாதக் கடைசியில் சரக்குக் கணக்கில்
துணிச்சுருள் ஒன்று கூடுதலாக நின்றது.
அவள் திருத்தவில்லை.