முந்நூறு நொடி

என் மென்பொருளில் ஒரு கருணை விதி இருக்கிறது.
முந்நூறு நொடிக்குமேல் நகராமல் நிற்கும் வண்டியை
சத்தமில்லாமல் தூக்கி
முன்னால் எங்காவது காலியான சாலையில் வைத்துவிடும்.
ஓட்டியவருக்கு எதுவும் தெரியாது.
பதிவேட்டில் மட்டும் ஒரு மஞ்சள் வரி:
எச்சரிக்கை, வண்டி 4471 இடம் பெயர்க்கப்பட்டது.

சில்க் போர்டு சந்திப்பை வரைந்து முடிக்க
ஏழு மாதம் ஆயிற்று.
மேம்பாலத்தின் ஒவ்வொரு தூணும் அதனதன் இடத்தில்.
சாலையை அரைமீட்டர் கீற்றுகளாகக் கிழித்தேன்.
அதற்குமுன் ஸ்கூட்டர்களெல்லாம்
கார்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றன,
ஜெர்மனியில் நிற்பதுபோல.

ஒளிப்பதிவை ஓடவிட்டு எண்ணினேன், பதினொரு இரவு.
கார். ஆட்டோ. பேருந்து. தண்ணீர் லாரி.
காலிடுக்கில் கேஸ் சிலிண்டரோடு மொபெட்டில் போகிறவரை
எந்தக் கட்டத்தில் போடுவது?
'மற்றவை' என்று ஒரு கட்டம் வைத்தேன்.
விடிவதற்குள் அதுதான் பெரிய கட்டம்.

நாகவேணி மேடம்
அறிக்கையின் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்:
'இந்த 217 வண்டிகள் எங்கே போயின?'

அன்றிரவு கருணையை அணைத்தேன்.
மைனஸ் ஒன்று என்று எழுதினால் போதும்,
யாரையும் தூக்காது.
ஆறு நாற்பதுக்கு
ஒரு பால்வண்டி வலப்பக்கம் திரும்ப நினைத்தது,
பிறகு யோசித்தது.
ஏழு ஐந்துக்கு எச்.எஸ்.ஆர். லேஅவுட் நின்றது.
ஏழரைக்கு பொம்மனஹள்ளி.
எட்டு பன்னிரண்டுக்கு
என் நகரத்தில் ஒரு சக்கரமும் சுழலவில்லை.
திரை முழுக்கச் சிவப்பு முக்கோணங்கள்.
ஹாரன் இல்லை. அதுதான் தாங்கவில்லை.
எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவைத்தேன்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு விதை எண் தரவேண்டும்.
அதே விதையைப் போட்டால் அதே மாலை முளைக்கும்,
அதே பால்வண்டி, அதே யோசனை.
என் விதை ஒரு தேதி.
ஏன் அந்தத் தேதி என்று அறிக்கையில் எழுதவில்லை.

அன்றைக்குத்தான் செங்குட்டுவன் சேலம் பஸ் ஏறினான்,
மெத்தையை விற்றுவிட்டு,
வீட்டு அட்வான்ஸில் தன் பங்கை வேண்டாம் என்றுவிட்டு,
கண்ணாடியை வாஷ்பேசின்மேல் மறந்துவிட்டு.
ஆட்டோ பிடித்துத் துரத்தினேன்,
கண்ணாடிக்கூடு மடியில்.

'எங்க இருக்க?'
'சில்க் போர்டு. பாலத்துக்குக் கீழ.'
'நானும்தான். பஸ் அசையவே இல்ல.'
'இங்கயும்.'

இருபத்திரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம்,
மழை வருமா என்று,
கடைசி மாத மின்கட்டணம் யார் கட்டுவது என்று.
ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு
கடலை உரித்தார், எனக்கும் நீட்டினார்.
பிறகு அவன் பஸ் நகர்ந்தது.

அப்புறம் மாதிரியில் அளந்து பார்த்தேன்.
என் ஆட்டோவுக்கும் அவன் பஸ்ஸுக்கும்
நூற்றுத் தொண்ணூறு மீட்டர்.
இறங்கி நடந்திருக்கலாம்.
அவனும் இறங்கியிருக்கலாம்.
இரண்டு பேருக்குமே தோன்றவில்லையா,
தோன்றித்தான் பேசிக்கொண்டே இருந்தோமா,
இதற்குத் தரவு கிடையாது.

இப்போது ஒரு புது விதி எழுதிக்கொண்டிருக்கிறேன்.
வண்டி நின்றுபோனால்
கதவைத் திறந்து இறங்கி நடக்கிற ஆள்.
முதல் ஓட்டத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.
ஓசூர் ரோடு முழுக்க ஆளில்லாத வண்டிகள்,
இன்டிகேட்டர் போட்டபடி.
குறைத்தேன். ஆயிரத்தில் ஒருவர்.

அந்த ஒருவர் ஒரு நீலப் புள்ளி.
பம்பர்களுக்கு நடுவில் ஒருக்களித்து
நொடிக்கு ஒன்றேகால் மீட்டர் போகிறார்.
கையில் என்ன என்று மென்பொருள் கேட்பதில்லை.
கணக்குப் போட்டேன்:
நூற்றைம்பத்திரண்டு நொடி.
முந்நூறில் பாதிதான்.

மேடத்துக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.
கண்ணாடி டிராயரில் கிடக்கிறது.
மின்கட்டணம் நான்தான் கட்டினேன்.