வரிசையில் நிற்கத் தெரிந்தவர்கள்

தினக்கூலி தொண்ணூறு லெவா. மதியச் சாப்பாடு உண்டு.
"வரிசையில் நிற்கத் தெரியுமா?" என்றாள்
துணை நடிகர்களுக்கு ஆள் சேர்ப்பவள்.
தெரியும் என்றேன்.

பதினான்கு வருடத்துக்கு முன்
இதே ரூசே நகரில், இதே கதவின் முன்
காலை நாலு மணிக்கே வந்து நின்றவள் நான்.
அவள் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

பெயர்ப்பலகையைத் திரும்ப மாட்டியிருந்தார்கள்:
'த்ரெனேவ் நத்தைப் பண்ணைகள்'.
பொன்னெழுத்து பளபளத்தது.
நிஜப் பலகையில் ஓர் எழுத்து
முதல் வாரமே கழன்று தொங்கியது.
அன்றே புரிந்திருக்க வேண்டும்.

ஒரு பெட்டி நத்தை எண்ணூறு லெவா.
வளர்த்துத் தந்தால் வருடத்தில் இரண்டு மடங்கு.
பிரான்சில் தின்கிறார்களாம், பூண்டு போட்டு.
டிராலி பஸ்ஸில் சீட்டுக் கிழித்துச் சேர்த்ததை
நாலு பெட்டியாக மாற்றிக்கொண்டு வந்தேன்.
அந்தக் கோடை முழுக்க
குளியல் தொட்டி அவற்றுக்கு, வாளி எங்களுக்கு.
கீரை தீர்ந்த நாளில் ராங்கெல்
தன் தட்டிலிருந்து எடுத்துப் போட்டான்.
"சாப்பிடுங்கள் முதலாளிகளே" என்பான்.

படப்பிடிப்பில் நத்தைகள் பிளாஸ்டிக்.
எச்சில் கோடு இல்லாத நத்தை.
தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன்,
பழக்கதோஷம்.

இயக்குநர் சின்னப் பையன்,
சோஃபியாவிலிருந்து வந்தவன், மரியாதை தெரிந்தவன்.
"அழுங்கள் அம்மா. கதவை இடியுங்கள்.
இந்தாருங்கள் கல்" என்று
ரப்பர் கல் ஒன்றைக் கையில் வைத்தான்.
அன்று யாரும் அழவில்லை.
கல்லும் எறியவில்லை.
தொப்பி வைத்த ஒருவர் மட்டும் வந்து கேட்டார்:
வரிசை எங்கே முடிகிறது?
கை காட்டினோம்.
நன்றி சொல்லிவிட்டுப் போய்க் கடைசியில் நின்றுகொண்டார்.

மூன்றாவது டேக்கில்
பக்கத்தில் நின்றவள் உதடு அசையாமல் சொன்னாள்:
"எனக்கு ஆறு பெட்டி."
திரும்பிப் பார்த்தேன். ஸ்லாவ்கா என்று பெயராம்.
"நாலு" என்றேன்.
பின்னாலிருந்து ஒரு கிழவர் இருமினார்: "பதினொன்று."
அவருக்குப் பின்னால்: "ரெண்டு. மச்சினன் பேரில் மூணு."
எண்கள் கைமாறிக் கைமாறி
தெருமுனை வரை போயின.
தொண்ணூறு லெவாவுக்கு, பனியில்,
காலை ஆறு மணிக்கு
இந்த ஊரில் வேறு யார் வருவார்கள்?

முதலில் சிரித்தது ஸ்லாவ்காதான்.
பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.
"கட்!" என்று கத்தினான் பையன்.

தேநீர் இடைவேளையில் த்ரெனேவ் வந்தான்.
அதாவது, நடிகன். மச்சத்தை
தப்பான கன்னத்தில் வரைந்திருந்தார்கள்.
என் கோப்பையில் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தான்.
நிஜமானவரைப் பார்த்தாயா என்று கேட்டேன்.
பார்த்தானாம், வார்னாவில், கடல் பார்த்த வீட்டில்.
தண்டனை முடிந்து வந்து
தொழில் தொடங்குவது எப்படி என்று வகுப்பு எடுக்கிறாராம்.
கதையை விற்றதில் நல்ல தொகை.
"ரொம்ப எளிமையான மனுஷன் அம்மா."
முகத்தைப் பார்த்தால் அவனும் ஒரு பெட்டி
வாங்கிவிட்டான் என்று தோன்றியது.

சீட்டுக் கிழித்த கை கணக்கை விடாது.
மூவாயிரத்து இருநூறை
தொண்ணூறால் வகுத்துப் பார்த்தேன்.
முப்பத்தாறு நாள் நிற்க வேண்டும்.
படப்பிடிப்பு மூன்று நாள்தான்.

மார்ச்சில் ஒளிபரப்பினார்கள். எட்டுப் பகுதி.
'ஒன்றுமில்லாமல் தொடங்கியவன்' என்று
டான்யூப் பாலத்தருகே ஆளுயரப் படம்.
ஐந்தாம் பகுதியில் எங்கள் வரிசை.
முதுகுப் பக்கமிருந்து எடுத்திருந்தார்கள்.
சத்தத்தை அழித்துவிட்டு
வயலின் வைத்திருந்தார்கள்.
தலைமுக்காடுகள், குலுங்கும் தோள்கள்,
ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து,
ஸ்லாவ்கா வாயைப் பொத்திக்கொண்டு.

ராங்கெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
விளம்பரம் வந்தது.
தொலைபேசி அடித்தது.

"நல்லா அழுதீங்க" என்றாள் ஸ்லாவ்கா.
"நீங்களும்தான்."