கழிவு: அரை மில்லிமீட்டர்

தானே புயலடித்த இரவு
கொல்லைக் கதவு திரும்பி வந்து வாயில் அறைந்தது.
முன்பல்லில் ஒரு மூலை போயிற்று.
மறுநாள் விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவே
ஒரு பல்துண்டை யார் தேடுவார்கள்?
முந்திரிக்கு நிவாரணம் எழுதினார்கள், பலாவுக்கு எழுதினார்கள்.
அன்றிலிருந்து என் இடது கை
சிரிப்புக்குக் காவல்.

மஞ்சக்குப்பத்தில், செல்போன் கடைக்கு மேல்மாடி.
மங்கையர்க்கரசி என்ற பெயர்
நோட்டுப் புத்தகக் கட்டத்துக்குள் அடங்காமல்
மங்கை என்று எழுதிக்கொண்டாள் ரிசப்ஷன் பெண்.
டாக்டர் ரெஹானா கேமராவைத் தூக்கி
“நல்லா சிரிங்க” என்றார்.
கை மேலே வந்தது.
“கை இல்லாம.”
அது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.
நான்காவது படத்தில் உதடு மட்டும் விலகியிருந்தது,
ஆதார் அட்டையில் இருப்பவளுக்கு எங்கோ வலிப்பது போல.

என்னென்ன நடக்கும் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார்.
சுத்தம் செய்வது. ஈறு ஆற ஒரு வாரம்.
அச்சு எடுப்பது, மெழுகில் மாதிரி பார்ப்பது.
பிறகு எட்டுப் பல்லிலும் முன்பக்கம்
அரை மில்லிமீட்டர் அரவுவது.
“இது திரும்ப வளராதும்மா. யோசிச்சு வாங்க.”

கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் கவுண்டர் எனக்கு.
கல்லுக்குக் கழிவு, அரக்குக்குக் கழிவு,
அழுக்குக்கும் கொஞ்சம் போட்டு
நிகர எடை எழுதும் கை இது.
மீட்கப் போவதில்லை என்று தெரிந்தே
அடகு வைப்பவர்களின் முகம் எனக்கு அத்துப்படி.
கையெழுத்துப் போட்டபோது
அந்த முகம் எனக்கே வந்திருக்க வேண்டும்.

வெள்ளையில் பதினாறு வெள்ளை.
விசிறி போல விரித்துக் காட்டினார்.
ஒரு ஓரத்தில் குளியலறை டைல்ஸ்.
“கண்ணு வெள்ளையைத் தாண்டிப் பல்லு போச்சுன்னா
பல்லுதான் பேசும், நீங்க பேச மாட்டீங்க.”
பதினெட்டு வருட ஆபீஸ் டீயை நினைத்துக்கொண்டு
நடுவில் ஒன்றைத் தொட்டேன்.

தணிகாசலம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன்.
“ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம்.”
“ஸ்கூட்டரைக் காட்டிச் சிரிக்க முடியுமா?”
நல்ல பதில்தான்.
சொல்லும்போது வாயைக் கை மூடியிருந்தது.

தற்காலிகப் பல்லோடு பத்து நாள்.
நாக்குக்கு வீடு மாறிய குழப்பம்,
இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தது.
‘ச’ எல்லாம் சீழ்க்கை அடித்ததால்
சான்றிதழ் கேட்க வேண்டிய இடத்தில்
பேப்பர் கேட்டேன்.
மோர் குடித்தால் மின்சாரம்.
தாளில் முறுக்குக்கு மட்டும் சிவப்பு மை.

ஒட்டிய நாளில்
நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, மறுபடி கடிக்கச் சொல்லி
உயரமான புள்ளிகளை உரசி எடுத்தார்.
எங்கள் அப்ரைசருக்கு உரைகல் முன்னால் இருக்கும் பொறுமை.
கண்ணாடியில், என் வாய்க்குள்
யாரோ மரியாதையான ஒருத்தி.
வணக்கம் சொல்லலாமா என்றிருந்தது.

தாளில் எழுதாமல் விட்டது கையைத்தான்.
ஓய்வு பெற்ற பிறகும் வந்து
கேட்டில் உட்காரும் வாட்ச்மேன் மாதிரி
மூன்று தவணை கட்டிய பின்னும்
அது வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, முதுநகர் துறைமுகம்.
ஒரு கையில் சங்கரா, ஒரு கையில் நெத்திலி,
கக்கத்தில் குடை.
செதில் உரசிக்கொண்டே காத்தாயி சொன்னாள்:
“ஏலக்காரன் கத்துறது பாண்டி வரைக்கும் கேக்குது.
வூட்ல பொண்டாட்டிகிட்ட மட்டும் சாடைதான்.”

சிரித்துவிட்டேன்.
உப்புக் காற்று நேராக வந்து மோதியது.
கூசியது, பல்தான்.

காத்தாயி நிமிர்ந்து பார்த்தாள்,
என் வாயை அல்ல, பையை.
“சங்கராவுக்கு இன்னும் இருபது ரூபா வரணும்.”