பாதை ஓடாத நாள்

குருக்கள்மடத்தில் பாதை என்றால் தெருவல்ல,
ஆறு கடக்கும் மிதவை.
காற்றுக்குப் பயந்து அதையும் கட்டிவிட்டார்கள்.

படுவான்கரை ரோட்டுகளைக் கட்டக் கொப்பியில் கீறி
வெள்ளம் ஏறியதை அழிறப்பரால் அழிக்கிறேன்.
பத்தில் ஒன்று போனது. ஒருவரும் போன் எடுக்கவில்லை.
மூன்று போனது. பஸ் சுற்றிப் போனது.
நாலு. உழவு மெசினில் மாவும் பருப்பும் போய்ச் சேர்ந்தன.
“சமாளிக்கலாம் சேர்” என்றான் துசாந்தன்.
அறிக்கையிலும் அதையே எழுதினேன்.

சதுர வலைக்குச் சரிபாதி என்று
வந்தாறுமூலையில் சோதனைக்குப் பாடமாக்கினது:
பாதிக்கு மேல் திறந்திருந்தால் முடிவில்லாமல் ஒரு வழி,
குறைந்தால் இல்லை.
எங்கள் ரோட்டுகள் சதுரமில்லை, மாடு போன போக்கு.
எண் தெரியாது எனக்கு.

பின்னேரம் நாலு பத்துக்கு
பெயரில்லாத ஒரு மதகு. இரண்டு குழாய், ஒரு பற்றை.
காலையில் போன பதினேழைப்போலத்தான் அதுவும்.
அது போனதும் கொப்பி நிறையத் தீவு:
ஒரு வீட்டுத் தீவு, வட்டைத் தீவு, ஏழூர்த் தீவு.
கிட்டப் பிடித்தாலும் எட்டப் பிடித்தாலும் ஒரே கிழிசல்.
என்ன அளவில் கீறினேன் என்பதே மறந்துபோச்சு.

யோகரஞ்சி மிஸ் போன் எடுத்தா:
“கச்சைக்கொடியில ஒரு பிள்ளைக்குப் பன்னீர்க்குடம் உடைஞ்சிற்று,
எந்தப் பக்கத்தால வர?”

கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகுதான் கோடுகளுக்கு நடுவே கிடந்த வெள்ளையைப் பார்த்தேன்.
ரோட்டு அறுந்த அதே நொடியில்
தண்ணீர் தண்ணீரைத் தொட்டிருக்கும்,
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, விடுபடாமல்.

“துசாந்தன், கொக்கட்டிச்சோலையில மீன்தோணி ஆரிட்ட இருக்கு?”

நாலு பத்துக்கே திறந்த வழி.
மணி இப்போது ஆறு.