காற்று கட்சி மாறிய வியாழன்

கடைசி அலசலில் அரைக் கோப்பை வினிகர்.
அது போதும், வாசனைத் திரவம் எதற்கு என்பாள் மர்யுன்.
ஃபாரோ தீவுகளில் வெயிலை நம்பிக்
கொடி கட்டுவார் இல்லை;
காற்றுக்குத்தான் துணி காய்கிறது.
மேற்கிலிருந்து வந்தால் உப்பும் ஈரப் புல்லும்.
வடக்கென்றால் ஒன்றுமே இல்லை.
அந்த ஒன்றுமில்லாததுதான்
அவளுக்குப் பிடித்த மணம்.

தென்கிழக்கு மட்டும் ஆகாது.
அந்தப் பக்கம் ஹோக்னியின் பலகைக் கொட்டகை.
அக்டோபரிலிருந்து தொங்கும் ஆட்டுத்தொடைகளை
இடுக்கு வழியே புகுந்த காற்று
மெல்லப் புளிக்க வைக்கிறது.
கிறிஸ்துமஸில் அவளும் தட்டை நீட்டுவாள்தான்.
தலையணை உறைக்கு வேண்டாம்.

வங்கி நேர்காணலுக்கான வெள்ளைச் சட்டையைக்
கொடியிலேயே விட்டுத் தூங்கிப்போனாள்.
இரவில் காற்று கட்சி மாறிற்று.

விடிந்ததும் மூக்கை வைத்துப் பார்த்தாள்.
மறுபடி வினிகர், சோடா உப்பு,
படகுக்கு நாற்பது நிமிடம்.
ஈரத்தோடு இஸ்திரி போட,
ஆவியில் எழுந்து நின்றது
முழு ஆடு.

தோர்ஷாவ்னில், மேசைக்கு அப்பால்,
கண்ணாடி போட்ட அதிகாரி
சம்பளக் கேள்வியைப் பாதியில் நிறுத்தி
ஒருமுறை மூச்சை இழுத்தார்.
"எந்தத் தீவு?"
சொன்னாள்.
"இந்த வருடம் அங்கே
நன்றாகப் பிடித்திருக்கிறது போல."
காது மடல் வரை சிவந்தாள்.
"பக்கத்து வீட்டுக்காரர்
விலைக்குத் தருவாரா?"

வேலை கிடைத்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்,
கடிதம் இன்னும் வரவில்லை.
கொடியை மலைப் பக்கம் மாற்றிக் கட்டிவிட்டாள்.
ஹோக்னிக்குத்தான்
இரண்டு தொடைக்கு ஆர்டர்.