ஏழாம் ஃபீடர்

அது ஓடிய வருடத்தில்
ஒரு எபிசோடுகூட நான் பார்க்கவில்லை.
ஞாயிறு காலை டியூட்டி எனக்கு.
மற்றவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள்,
பிள்ளைகளுக்கு டிவி இருந்தது.

நான் பார்த்தது அம்மீட்டரை.
தோன்ஸ் நதியோரம் ஏழாம் ஃபீடர் முழுக்க விசைத்தறி.
இரவு பகல் நூற்றெண்பதில் நடுங்கும் முள்
ஒன்பதடிக்க ஐந்து நிமிடத்தில்
நூற்றைம்பது, தொண்ணூறு, நாற்பது என்று இறங்கும்.
அன்சாரிகள் தறிகளை நிறுத்திவிட்டு
ஒரே வீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தாயிற்று என்று அர்த்தம்.
அதே நேரம் கோயில் தெருக்களின் இரண்டாம் ஃபீடரில்
முள் கொஞ்சம் ஏறும்.

அந்தக் கண்ணில்லாத அரசனுக்காவது
இருந்த இடத்திலிருந்தே போரைப் பார்த்துச் சொல்ல
ஒரு தேரோட்டி இருந்தான்.
எனக்கு வாட்ச்மேன் முன்னீலால்.
பீடி வாங்கப் போகிற சாக்கில்
டீக்கடைக் கூட்டத்தின் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து
"சங்கு ஊதினார்கள் சாஹேப்" என்பான்.
யார் என்றால்,
"எல்லோரும்."

ஊருக்கே கண்ணைக் கொடுத்துவிட்டுக்
குருடனாக உட்கார்ந்திருப்பதில்
ஒரு சின்ன கர்வம் இருந்தது எனக்கு,
பொய் சொல்வானேன்.

பகடை உருண்ட வாரம் தப்பித்தோம்.
அடுத்த ஞாயிறு, ஒன்பது இருபதுக்கு,
வெடிச்சத்தம், எண்ணெய் வாடை.
ஏழும் செத்தது, இரண்டும் செத்தது.
பஸ்பாருக்குக் கீழே கருகிக் கிடந்தது ஓர் அணில்.
வேறொரு கதையில் பாலம் கட்டிய வம்சம்.

அதைக் கம்பால் தள்ளி ஃபியூஸ் கட்டுவதற்குள்
கேட்டில் ஐந்நூறு பேர்.
ஒருவன் நெற்றியில் காயாத திலகம்,
ஒருவன் தோளில் பாவுநூல் சிக்கு,
எல்லோர் கையிலும் கல்.
இரண்டு ஃபீடரும் ஒரே கூட்டமாக நின்று
நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஜன்னல் கண்ணாடி உடைந்த பிறகு கத்தினேன்:
"கதை தெரியாதவன் எவனாவது இருக்கிறானா இதில்?
புடவை நீளும், இழுத்தவன் கை ஓயும். அவ்வளவுதானே!"

ஆறு தறி ஓட்டும் ஷம்சுல் ஹுதா
கல்லை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்:
"தெரியும் பாபு.
அவ்வளவு நீளத்துக்கு நூலை
எந்த சேட் கடனாகக் கொடுத்தான் என்பதுதான் தெரியாது."
சிரித்தார்கள்.
"ஆனாலும்,
இந்தத் தடவையாவது சபையில் ஒருத்தர்
எழுந்திருப்பாரோ என்று
பார்க்க வேண்டாமா?"

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மின்சாரம் போனது ஊருக்குள்.
சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்ததாம்.

மூன்று குளிர்காலம் கழித்து, ஊரடங்கில் ஓர் இரவு,
பதினொன்றேகாலுக்கு மேலிருந்து போன்.
பெயர் சொல்லாத குரல். தெரிந்த குரல்.
"ஏழை அணை."

ஏன் என்று கேட்கவில்லை நான்.
எத்தனை மணி நேரத்துக்கு என்று மட்டும் கேட்டேன்,
ரெஜிஸ்டரில் எழுத வேண்டுமே.

கைப்பிடி சில்லிட்டிருந்தது.
முள் ஞாயிற்றுக்கிழமைபோலப் படிப்படியாக இறங்கவில்லை.
விழுந்தது.
உடைந்த ஜன்னலுக்கு அடைத்திருந்த அட்டையின் ஓரத்தில்
சற்று நேரத்தில் ஒரு வெளிச்சம்,
நான் அனுப்பாத வெளிச்சம்.
வாசலில் நின்ற முன்னீலாலிடம்
என்ன தெரிகிறது என்றேன்.
முதல் தடவையாக
அவன் ஒன்றும் சொல்லவில்லை.

பராமரிப்புப் பணி என்று எழுதினேன்.
எனக்குக் கையெழுத்து எப்போதும் அழகு.

இப்போது பென்ஷன், மகன் வீடு, பெரிய டிவி.
பழையதை மறுபடி போடுகிறார்கள்.
அந்த சபைக் காட்சியில்
வீட்டில் எல்லோரும் புடவையைப் பார்க்கிறார்கள்.
நான் பார்ப்பது பின்வரிசையில், தூணையொட்டி,
வசனமே இல்லாத ஒருவனை.
நாள்கூலிக்கு வந்த துணை நடிகனாக இருக்கும்.
ஒட்டுமீசை லேசாகப் பிரிந்திருக்கிறது.
மடியில் இரண்டு கை.
ஒருமுறை மட்டும், யாரும் கவனிக்காதபோது,
ஆசனத்தில் இன்னும் கொஞ்சம்
வசதியாக நகர்ந்து உட்கார்கிறான்.